சுவரோரத்தில் நடந்த மகாலிங்கம்

பாரிசின் புறநகரான லா கூர்னெவில் குடியிருக்கும் மகாலிங்கம், நகரத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கோப்பறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நம்மவர்களில் பெரும்பாலானோர் உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்திலேயே டை கட்டி வேலைக்குப் போனவர். ஓய்வுக்குப் பிறகும் டையை அவர் விடவில்லை. மரக்கறி வாங்க, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போகும்போதும் அது கழுத்தில் இருக்கும். ஆனால் அங்கே யாரும் அதைக் கவனிப்பதாயில்லை. முருங்கைக்காய்க் கட்டோடு வருபவர்கள் அவரை இடித்துவிட்டு, முருங்கைக்காய் முறிந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள்.

இந்த மனக்குறைக்கு ஒருநாள் தொலைக்காட்சியில் மருந்து கிடைத்தது. ஜோர்ஜ் என்ற பெயருடைய அரசர்கள் ஒருவர் பின் ஒருவராக இங்கிலாந்தை ஆண்ட காலத்து லண்டனைப் பற்றிய விவரணப்படம் அது. அந்த நாளில் தெருவெல்லாம் சேறாம். குதிரை வண்டிகள் அதை வாரி இறைக்குமாம். அதனால் சுவரோரமாக நடப்பது கனவான்களுக்கு உரியது. தகுதி குறைந்தவர்கள் சேற்றுப் பக்கமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். இரண்டு கனவான்கள் எதிரெதிரே வந்து, ஒருவரும் விலகாவிட்டால் வாளை உருவுவதும் உண்டாம்.

"பாத்தீரே நாகேஸ், அந்தக் காலத்துச் சனத்தின்ர பண்பை!" என்றார் மனைவியிடம்.

"வாள் உருவினதைச் சொல்லுறியளோ?" என்று கேட்டுவிட்டு நாகேஸ்வரி குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மகாலிங்கம் லா சப்பலின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் சுவரை உரசியபடி, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரர் "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டு விலகினார். குழந்தை வண்டியோடு வந்த ஒரு பெண்ணும் விலகினாள். ஒரு நாய்கூட விலகியது. அதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் சிவதர்சன் எதிரே வந்தான். வன்னியிலிருந்து அண்மையில் வந்து, பக்கத்து உணவகமொன்றில் வேலை செய்யும் இளைஞன். தயிர் வாளிகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு அவனும் சுவரோரமாகவே வந்தான். நடைபாதையின் மறுபக்கம் முழுவதும் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. பூட்டிய கடை ஒன்றின் ஷட்டருக்கு முன்னால் இருவரும் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

"தம்பி, நீர் கொஞ்சம் விலத்தும்" என்றார் மகாலிங்கம்.

"வண்டியோட எங்கையண்ணை விலத்துறது? நீங்கள் விலத்துங்கோவன்."

"சுவர்ப்பக்கம் ஆருக்கு உரியதெண்டு தெரியுமோ? ஒரு தராதரம் இருக்கு ஐசே. நான் ஒஃபீசில வேலை செய்த மனிசன்."

சிவதர்சனுக்குச் சுருக்கென்றது. "எங்கட அப்பா ட்ரக்டர் வைச்சிருந்தவர். ஊரில அவருக்கு பஸ்சே விலத்தும். நான் விலத்தமாட்டன்."

இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாள் இல்லாதபடியால் அதற்குமேல் என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

இராயப்பு என்றொருவர் மகாலிங்கத்துக்குப் பின்னால் வந்து நின்றார். வழி அடைபட்டதால் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த பெண்கள், அவர் நிற்கிறாரே என்று நின்றார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள், எல்லாரும் நிற்கிறார்களே என்று நின்றார்கள். சிவதர்சனுக்குப் பின்னாலும் அப்படியே ஒரு வரிசை வளர்ந்தது.

"என்ன குடுக்கினம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரியேல்லை. முன்னுக்கு நிக்கிறவர் டை கட்டியிருக்கிறார். பெரிய விசயமாத்தான் இருக்கும்" என்றார் இராயப்பு.

வரிசையின் வாலுக்குப் போனபோது அந்தப் பெரிய விசயம் மாம்பழப் பெட்டியாக மாறியிருந்தது. கறுத்தக்கொழும்பானாம், ஆளுக்கு ஒன்றுதானாம்.

அந்தக் கடை கமலராணியுடையது. பெண்களுக்கான அழகு நிலையம். அன்றுதான் திறப்பு. ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வதென்று விடியவிடியப் புரண்டு படுத்தவர், மூலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் நீண்டு நின்ற வரிசைகளைக் கண்டார். கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினார். உள்ளே ரோசாப்பூ நிறத்தில் நாற்காலிகள் மின்னின.

"முதல் ஆளுக்கு எல்லாம் சும்மா! ஆர் முதல் வந்தது?"

மகாலிங்கம் நாற்காலிகளைப் பார்த்தார். சுவரிலிருந்த படத்தில் ஒரு பெண்ணின் புருவத்தை நூலால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிதான் முதல் வந்தவர்" என்றார் உடனே.

"ஐயோ, இல்லையக்கா. அண்ணைதான். ஒஃபீசில வேலை செய்தவர். அவரின்ர தராதரத்துக்கு முன்னால நான் போறது சரியில்லை."

"சீச்சீ, ட்ரக்டர் வைச்சிருந்த குடும்பம். நீங்கள் போங்கோ தம்பி." கொஞ்சம் முன்பு 'நீர்' என்றவர் 'நீங்கள்' என்றது அவருக்கே கேட்கவில்லை. அத்தோடு விடாமல், இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கிடையே தன்னைச் செருகிக்கொண்டு, இடுப்பை வளைத்து, கையை நீட்டி வழிவிட்டார்.

சிவதர்சன் அந்த வழியால் தயிரைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டான்.

கமலராணி சாமிப் படத்துக்கென்று வாங்கிய மாலை மகாலிங்கத்தின் கழுத்தில் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். இவ்வளவு பேர் முன்னால் மாலையைக் கழற்றிக் கொடுக்கிற துணிவு அவருக்கு வரவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நூல் புருவத்தில் பட்டதும் "அம்மாளாச்சி!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாம்பழத்துக்கு வந்த ஆண்கள் கலைந்தார்கள். பெண்கள் அசையவில்லை. கமலராணிக்கு அன்று தேத்தண்ணீர் குடிக்கவும் நேரம் கிடைக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த நாகேஸ்வரி திடுக்கிட்டார். "என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமோ?"

மெல்லிய வில்லாக உயர்ந்த புருவங்கள் மகாலிங்கத்தின் முகத்துக்கு நிரந்தரமான திகைப்பைக் கொடுத்திருந்தன. தெருவில் அவரைக் கண்டவர்களெல்லாம் நின்று, "என்னண்ணை, ஏதும் பிரச்சினையோ?" என்று கரிசனையாக விசாரித்தார்கள். சிலர் பையை வாங்கித் தூக்கிக்கொண்டும் வந்தார்கள். மரக்கறிக் கடைக்காரர் இருக்கச் சொல்லி முக்காலி போட்டார்.

ஒரு மாதம் போக, புருவம் பழையபடி அடர்ந்தது. விசாரிப்பும் நின்றுபோனது. அடுத்த செவ்வாய்க்கிழமை மகாலிங்கம், அரச அலுவலகமான பிரிபெக்சரில் ஒரு பேப்பர் அலுவல் இருக்கிறதென்று நாகேஸ்வரியிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். அழகு நிலையத்தின் வாசலில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"தங்கச்சி, ஆக்கள் இல்லாத நேரம் எதெண்டு சொல்லும். அண்டைக்குச் செய்த மாதிரியே, ஆனா இடதுபக்கம் இன்னும் கொஞ்சம் உயர்த்தி."