இனி அவசரம் இல்லை

போன வாரம் கழக்கூட்டத்தில் வேலை முடிந்து தம்பானூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் வண்டி நின்ற இடத்தில் ஒரு ஜவுளிக்கடை. அதன் முகப்பை மறைத்துக் கட்டியிருந்த துணியில் மலையாளத்தில் ஆளுயர எழுத்து: 'அவசான அவசரம்'. கடைசி வாய்ப்பு என்று அர்த்தம். தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்து வெட்கப்படுகிற ஆளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தமிழில் அவசரம் என்றால் அவசரம்தான். மலையாளத்தில் அது வாய்ப்பு. என் அப்பா நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்த புதிதில் 'தொழில் அவசரங்கள்' என்ற பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "வேலைக்கு இவ்வளவு அவசரம்னா பின்ன ஏன் ஒரு ஆபீசையும் பத்து மணிக்குத் தெறக்க மாட்டேங்கான்?" என்று கேட்டாராம். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆக, இந்தச் சொல்லுக்கு இங்கே இரண்டு அர்த்தம் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் நழுவப் பார்த்தால் நீங்கள் பிடித்துக்கொள்ளலாம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆபீசில் செண்பகம் அக்கா இருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆபீசில் தமிழ் பேசுகிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். கேன்டீன் மேசைகளை ஓரம் தள்ளினால் மேடை, சாம்பார் வாசனைதான் எங்களுக்கு ஒப்பனை அறை. நான் அதில் கதாநாயகன். நான் நன்றாக நடித்தேன் என்பதால் அல்ல, வசனம் முழுக்க மனப்பாடம் செய்ய வேறு யாருக்கும் பொறுமை இல்லை என்பதால்.

அந்த வருடம் அக்காவுக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண் வேஷம். வசனமே கிடையாது. "இன்னிக்கு அரிசி தீர்ந்துபோச்சு" என்று கடைக்காரர் சொன்னதும் அக்கா கையிலிருந்த பையை உதறி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான். சமோசா தின்றுகொண்டிருந்தவர்கள்கூட வாயை நிறுத்திவிட்டார்கள். நான் அதற்குப் பிறகு பேசிய இரண்டு பக்க வசனம் யார் காதிலும் ஏறவில்லை. அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. இப்போது சொல்வதற்கென்ன.

நடிப்புப் பயிற்சிக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவன் நான்தான். ஒரு வருடப் படிப்பு, மூன்று மாத மாலை வகுப்பு என்று பட்டியல் போட்டேன். அக்கா எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் தள்ளுபடி செய்தார். "ரெண்டு மாசத்துல முடியுமா தம்பி? அத்தை பிள்ளையப் பாத்துக்கிட ரெண்டு மாசத்துக்குத்தான் வந்திருக்காவ. அவுக ஊருக்குப் போய்ட்டா நான் எங்க வாரது?" கடைசியில் தம்பானூரில் ஒரு தையல்கடை மாடியில், சனி ஞாயிறு மட்டும், எட்டு வாரப் பயிற்சி ஒன்று அகப்பட்டது. கேமராவுக்கா மேடைக்கா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், முடிவில் மேடை ஏற்றுவார்களா என்று அக்கா என்னை மலையாளத்தில் கேட்கச் சொன்னார். மேடைக்குத்தான், பதினைந்து பேர், கட்டாயம் ஏற்றுவோம் என்றார்கள். படி இறங்கும்போது, "நான் எனக்குன்னு ஒண்ணு கேட்டு வந்தது இதுதான் தம்பி, கல்யாணத்துக்கப்புறம்" என்றார்.

இருவரையும் நடித்துக்காட்டச் சொன்னார்கள். அக்காவுக்கு இடம் கிடைத்தது. நான் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். யாராவது விலகினால் எனக்கு.

அந்த வியாழக்கிழமை டீ நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. மலையாளத்தில் யார் பேசினாலும் நான் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். பயிற்சி நிலையத்துப் பெண் மூச்சுவிடாமல் சொன்னாள்: "சனியாழ்ச்ச கழிஞ்ஞா இனி அவசரம் இல்ல, கேட்டோ." போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், அது தாண்டினால் இனி வாய்ப்பு இல்லை என்று அர்த்தம். அக்கா நிம்மதியாக டீயை எடுத்தார். "சனிக்கிழமை கழிச்சுப் போனாப் போதும், அவசரம் இல்லன்னு சொல்லுதா. அப்படித்தான தம்பி? நல்லதாப் போச்சு. அன்னைக்கு அத்தைய விழிஞ்ஞத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன், கடல் பாக்கணுமாம்."

நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என் குற்றம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் திறந்தேன். "ஆமாக்கா. திங்கக்கெழம போனா மதி" என்றேன். 'மதி' என்றால் போதும். அந்தச் சொல்லை அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் என் போன் அடித்தது. மறுநாளே பயிற்சியில் சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் பக்கத்தில் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "ஏ தம்பி, கூத்தக் கேட்டியா? இங்க அவசரம்னா வாய்ப்பாம்லா! நேத்துப் போனா எடம் போயிட்டுன்னுட்டாவ. நான் ஒரு கூமுட்டை. ஆனா நீ இந்த ஊருலயே பொறந்தவன்லா, ஒனக்குமா..." அங்கே நின்றுவிட்டார். முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி மிச்சமிருந்தது.

"ஸ்பீக்கர்ல சரியாக் கேக்கலக்கா" என்றேன்.

"எடம் யாருக்குக் கெடச்சுது?"

"எனக்குத்தான்."

லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது. இரண்டு பேரும் ஏறவில்லை. "சரி" என்றார் அக்கா. "நல்லாப் பண்ணுங்க."

பண்ணுங்க. ஆறு மாதமாக நீ, வா, போ என்றிருந்தவர். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

எட்டு வாரமும் போனேன். ஒரு நாள் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லும் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு இயல்பாக வருகிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள். நிறைவு நாடகத்தில் தபால்காரர் வேஷம், நான்கு வசனம், அதில் ஒன்றை மறந்தேன். மூன்றாவது வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். அதற்குள் அத்தை ஊருக்குப் போய்விட்டிருந்தார். வெளியே வந்தபோது, "நல்லா நடிச்சீங்க" என்றார். எந்த நடிப்பைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

மன்னிப்பு கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஓணம் கழியட்டும், இந்த வேலை முடியட்டும், அக்காவே கொஞ்சம் மறக்கட்டும் என்று தள்ளினேன். ஒரே ஆபீஸ்தானே, எங்கே போய்விடப் போகிறார்? அடுத்த வருடம் கணவருக்கு மாற்றலாகி மஸ்கட் போய்விட்டார்கள். அந்தத் தையல்கடை மாடியில் இப்போது லாட்ஜ். கேன்டீனில் மேசைகளைத் தரையோடு பொருத்திவிட்டார்கள், தள்ள முடியாது. நாடகமும் நின்றுபோயிற்று.

அன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அக்காவின் பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் மலையாளத்தில் எடுத்தார். நம்பர் மாறிப்போச்சு என்று நான் சொன்ன பிறகும் நல்ல மனிதர், வைக்காமல் கேட்டார்: "அத்யாவஸ்யம் வல்லதும் ஆணோ?" அவசரமான காரியமா என்று.

இல்லை என்றேன். இனி அவசரம் இல்லை. எந்த பாஷையில் அவருக்குக் கேட்டதோ, தெரியவில்லை.