நெல்லிக்காய் அளவு

தம்ளரில் பாதிக்கு மேல் இனிகோ எதையும் ஊற்றமாட்டார். காபியாக இருந்தாலும் கஞ்சித் தண்ணீராக இருந்தாலும் பாதி வந்ததும் கை தானாக நிமிர்ந்துவிடும். வந்தவர்கள் தம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவர் மனைவி ஞானசௌந்தரி அவசரமாகச் செம்பை வாங்கி மீதியை நிரப்புவாள். "நெறைய ஊத்துனா ஆடிச் சிந்திரும்ளா" என்பார் அவர். வீட்டுத் தரை ஆடாது என்று கல்யாணமான நாளிலிருந்து அவளும் சொல்லிப் பார்க்கிறாள்.

இனிகோ தோணியில் பண்டாரி. வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போகிற தோணிகளில் ஆட்களுக்குச் சோறு பொங்குகிறவருக்கு அந்தப் பெயர். தளத்தின் ஓரத்தில் மணல் பரப்பிய ஒரு மரப்பெட்டி, அதுதான் குசினி. கடல் தூக்கிப் போடும்போது பானை கவிழ்ந்து தணல் சிதறினால் அத்தனை பேர் உயிரும் போச்சு. ஆகவே இடக்கையால் பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் கிளறுவார். சுட்டுச் சுட்டு அந்த விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. உப்புப் பார்க்க நாக்கில் வைக்கிற வழக்கமும் கிடையாது. ஆவியை மோந்து பார்த்து, "இன்னொரு சிட்டிகை கேக்குது" என்பார். சோறு தயாரானதும் அகப்பையால் மூடியில் இரண்டு தட்டு. தட்டியதும் தோணிக்காரர்கள் வந்து வட்டமாக உட்காருவார்கள்.

வீட்டில் மட்டும் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. "கரையில நான் பண்டாரி இல்ல, புருசன்" என்று காலை நீட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவர் இந்த மூன்று மாதமாகத் தினமும் காலையில் அடுப்பு மூட்டுகிறார். மீன்குழம்பு கொதிக்கும்போது இடக்கை சட்டியின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. வீட்டில் இருப்பது ஞானசௌந்தரி ஒருத்திதான், அவளும் பக்கத்திலேயே நிற்கிறாள். இருந்தும் மூடியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "வாளா, சாப்பிடு" என்கிறார். அவர் தட்டில் இரண்டு கவளம் இருக்கும். அதையும் உருட்டிக்கொண்டே இருப்பார்.

"வெட்டுன வயிறுல்லா. சுருங்கித்தான் கெடக்கும். பையப் பைய விரியும்" என்பார்.

வயிற்றை வெட்டியது ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில். கொழும்பிலிருந்து திரும்புகிற வழியில் கறுப்பாக வாந்தி எடுத்தார் என்று தோணியை நடத்துகிற தண்டலே கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆபரேஷன் முடிந்ததும் வராந்தாவில் வைத்து டாக்டர் ஞானசௌந்தரியிடமும் அவள் தம்பி செபாஸ்டினிடமும் சொன்னது கொஞ்சம்தான். திறந்து பார்த்தார்கள். புற்று எல்லா இடத்திலும் பரவியிருந்தது. எதையும் தொடாமல் அப்படியே தைத்துவிட்டார்கள். ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் இனிகோ கண் விழித்தார். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. "எடுத்துட்டாவளா?" என்று கேட்டார்.

அவளுக்குச் சட்டென்று, முன்பு இதே நோயில் செத்துப்போன வேறொரு தோணியின் தண்டல் பவுலின் நினைவு வந்தது. அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். சொன்ன அன்றே மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். பிறகு யார் பக்கமும் திரும்பவில்லை.

"எடுத்துட்டாவ" என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் பொய்யாகப் போயிருக்கும். ஆனால் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியதைப் பார்த்ததும், கடற்கரையில் பிறந்து வளர்ந்த வாய் அடுத்ததையும் தானாகச் சொல்லிவிட்டது: "வேளாங்கண்ணி மாதா எடுத்துத் தந்துட்டா."

மாதா ஒன்றைச் செய்து கொடுத்தால், அந்த ஊர்க்காரன் அதைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளமாட்டான். தையல் பிரிப்பதற்கு முன்பே இனிகோ நேர்ச்சையைச் சொல்லிவிட்டார். இங்கே பனிமய மாதா திருவிழா முடிந்ததும் காவி கட்டி, வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடப்பது. வைப்பாறு, சாயல்குடி, தொண்டி, அதிராம்பட்டினம் என்று கரையோரமாகவே போகிற பாதை. "அம்புட்டு ஊரையும் கடல்ல இருந்து பாத்திருக்கேன். ஒரு தடவ கரையில இருந்து பாப்போம்" என்றார். பத்து வயது குறைந்த மாதிரி சிரித்தார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் பனியனைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறார். "இங்கன வச்சுத்தான் எடுத்தாவ." எவ்வளவு பெரிசு என்று கேட்பவர்களிடம்தான் தடுமாறுகிறார். ஞானசௌந்தரி நெல்லிக்காய் அளவு என்று சொல்லியிருந்தாள். அது தெரியாமல் செபாஸ்டின் கோழிமுட்டை என்று சொல்லிவைத்தான். "இவ நெல்லிக்காங்கா, அவன் முட்டைங்கான். ரெண்டு பேரும் ஒரே கட்டியத்தான் பாத்தாவளா?" என்று கேட்டுவிட்டு அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிரிப்பு முடிகிற இடத்தில் முகம் கோணும்.

செபாஸ்டின் புதுத் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறான். டன் கணக்கில் தூக்குகிறவனால் அத்தானின் மனத்தை ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை.

"அத்தான், பஸ்ல போவோம். நானும் கூட வாறேன். மொட்டையும் போட்டுட்டுக் கொடியேத்தமும் பாத்துட்டு வந்துருவோம்."

"ஏலே, கொழும்புக்குன்னு சரக்க ஏத்திட்டு மணப்பாட்டுல இறக்கிட்டு வந்தா மொதலாளி சும்மா விடுவாராலே?"

"மாதா என்ன தோணி மொதலாளியா?"

"மொதலாளியும் அவதான், தண்டலும் அவதான். நான் பண்டாரி. சொன்ன துறைக்குப் போயாகணும்."

செபாஸ்டின் கொல்லைப் பக்கம் போய்ப் பீடி பற்றவைத்தான். ஒரு குச்சியில் பற்றவில்லை. இரண்டாவதும் பற்றவில்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு அப்படியே நின்றான்.

மகள் பிளாரன்ஸ் மணப்பாட்டிலிருந்து வந்து சண்டை போட்டாள். "ஆடி வெயில்ல தார் ரோட்டுல செருப்பில்லாம நடப்பீயளாப்பா? காயம் பிரிஞ்சிட்டுன்னா?" அவர் பனியனைத் தூக்கினார். "பாரு. பாயில ஒட்டுப் போட்ட மாரி இருக்கு. புயலுக்கே பிரியாது." அவள் அந்தத் தழும்பைப் பார்த்தாள். அதன் இரண்டு பக்கமும் எண்ணிவிடலாம் போல் எலும்புகள் தெரிந்தன. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தெருக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்களுக்குக் கொண்டாட்டம். வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தில் வழியெல்லாம் வேகாத சோறும் தண்ணீர்ச் சாம்பாரும்தான். "இந்த வருசம் கவலயில்ல, பண்டாரி வாராரு" என்று, மாதா சப்பரம் வைக்கிற தள்ளுவண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைச் சேர்த்து அண்டாவைக் கட்டிவிட்டார்கள். இனிகோ போய் அண்டாவின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

சில நாள் ஞானசௌந்தரிக்கே சந்தேகம் வரும். ஒரு காலையில் அவர் இரண்டு இட்டிலியை முழுதாகத் தின்றார். டாக்டர்தான் தப்பாகப் பார்த்துவிட்டாரோ, நிஜமாகவே மாதா எடுத்துவிட்டாளோ என்று நினைத்தாள். சுடுதண்ணீர் வைக்கப் போனவள், குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் அவர் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். வாய் கொப்பளித்து, மண்ணை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தார். "பழைய அழுக்கு வெளிய வருதுளா. நல்லதுதான்." தாம் சொன்னதை அவர் நம்பினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"பொய் சொன்னேன் சாமி."

"யாரிடம்?"

"எங்க வீட்டுக்காரவகிட்ட."

"இனிச் சொல்லமாட்டேன் என்று உறுதி எடுக்கிறாயா?"

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் காத்திருந்தார். அவள் பாவமன்னிப்பு வாங்காமலே முழங்காலிலிருந்து எழுந்து வந்தாள். மறுநாள் பூசையில் அதே சாமியார், முந்தின நாள் வந்தவள் யார் மனைவி என்று தெரியாமலே, இனிகோ கேட்டுக்கொண்ட அறிவிப்பை வாசித்தார்: கொடிய நோயிலிருந்து மாதாவின் அருளால் பூரண சுகமடைந்த சகோதரர் இனிகோ ஒப்புக்கொடுக்கும் நன்றிப் பூசை. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து இனிகோ எட்டிப் பார்த்து, கேட்டாயா என்பது போல் அவளுக்குத் தலையசைத்தார்.

சொன்னால் அவர் தாங்கமாட்டார் என்பது அவர்மேல் உள்ள பிரியமா? சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டிவரும் என்ற பயமா? இரண்டையும் பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை. படிக்காதவள் என்பதனால் அல்ல. படித்தவர்களுக்கும் அதைப் பிரிக்கத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

தானும் நடப்பதாகச் சொன்னாள். "ஒனக்கு என்னளா சொகமாச்சு? முட்டு வீங்கிக் கெடக்கு" என்று அவர் கேலி செய்தார். அவள் இரண்டு சேலையைக் காவியில் முக்கிக் காயப்போட்டாள். மூட்டை கட்டும்போது அடியில் ஒரு புது வெள்ளை வேட்டி இருந்ததைப் பிளாரன்ஸ் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்கும்மா? அப்பா காவிதான கட்டப் போறாவ."

ஞானசௌந்தரி அதை மடிப்புக் கலையாமல் உள்ளே தள்ளினாள். "வழியில எங்க போய்த் தேட?"

பிளாரன்ஸ் மூட்டையை இழுத்தாள். "நடுரோட்டுல போட்டு மூடப் போறியா அவியள? சொல்லிரும்மா. சொன்னா வீட்டுல, மெத்தையிலயாவது... இல்லன்னா நான் சொல்லுவேன்."

"நீ சொல்லாத. நாந்தான் சொன்னேன், நானே சொல்லுதேன். நாளைக்கு."

மறுநாள் காலையில் இனிகோ குளித்து, சட்டை போட்டு, அவளையும் கிளம்பச் சொன்னார். இசக்கியப்பன் ஆசாரியின் பட்டறைக்குப் போக வேண்டுமாம். மூன்று தெரு தாண்டி இருந்தது பட்டறை. ஒவ்வொரு தெருமுனையிலும் அவர் சுவரில் கை வைத்து நின்று, புதிதாக வெள்ளையடித்த வீட்டையோ கட்டியிருந்த கொடித் தோரணத்தையோ வெகுநேரம் பாராட்டினார். ஒவ்வொரு முறையும் அவள், "இஞ்சேருங்க" என்று ஆரம்பித்தாள். "என்னளா?" என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புவார். "மெதுவா வாங்க" என்று முடித்துவிடுவாள்.

திருவிழாக் காலம். பட்டறை முழுக்க மாதாவுக்குக் காணிக்கை செலுத்துகிற வெள்ளி உருக்கள்: கண், கால், தொட்டில், ஒரு சின்னத் தோணி. எந்த உறுப்பு சுகமானதோ அந்த உறுப்பைச் செய்து வைப்பது வழக்கம். ஆசாரி ஓர் ஆள் உருவத்தை எடுத்து நீட்டினார். "வயித்துக்குத் தனியா அச்சு கிடையாது அண்ணாச்சி. இதத்தான் வாங்கிட்டுப் போவாவ."

"வயித்த ஏன்வே குடுக்கணும்? வயிறு எனக்கு வேணும். எடுத்தது கட்டிய. அதச் செஞ்சு குடும்."

"கட்டியவா? எங்கப்பன் காலத்துலகூட ஒருத்தரும் கேட்டதில்ல."

"ஒருத்தருக்கும் எடுத்திருக்கமாட்டா."

வெள்ளிக்காகத் தம் அரைஞாணையே கொண்டுவந்திருந்தார். இடுப்பில் நிற்காமல் வழுக்கி விழுந்ததிலிருந்து அது அலமாரியில் கிடந்தது. ஆசாரி அதை விரித்துப் பிடித்தார். அவரே செய்த கொடி அது. கொடியின் நீளத்தைப் பார்த்தார், இனிகோவின் இடுப்பைப் பார்த்தார். பிறகு ஞானசௌந்தரியைப் பார்த்தார். கேலி செய்துகொண்டிருந்த முகம் மாறிவிட்டது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "எம்புட்டு அளவுல செய்யணும்?" என்று மட்டும் கேட்டார்.

"அதத்தாம்வே இவளக் கூட்டியாந்தேன். இவதான் கண்ணால பாத்தவ. மச்சினன் சொல்லுதது நம்பிக்க இல்ல." இனிகோ அவள் பக்கம் திரும்பினார். கன்னம் ஒட்டிய முகத்தில் கண்கள் மட்டும் பெரிசாக, சந்தோஷமாக இருந்தன. "காட்டுளா."

பட்டறையில் துருத்திச் சத்தம் நின்றிருந்தது. ஆசாரி ஒரு துண்டு நூலோடு காத்திருந்தார்.

ஞானசௌந்தரி வலக்கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளைத்து நீட்டினாள். நடுவில் ஒரு நெல்லிக்காய் போகிற இடம் இருந்தது. ஆசாரி நூலை அந்த வளைவுக்குள் கொண்டுவந்தார்.

"இம்புட்டுத்தானா?" இனிகோவின் குரலில் குறை தெரிந்தது. "நல்லா ஞாபகப்படுத்திக் காட்டு. மாதா செஞ்சதக் கொறச்சுக் காட்டாத."

அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.