கணினியைக் குத்தகைக்கு எடுத்த வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை நான் எதற்கு ஒப்புக்கொண்டேன்? முழுவதையும் படித்தேன். உரக்கப் படித்தேன். வரிக்கு வரி தமிழிலும் சொன்னேன். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் வேறு. இருந்தும் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் விழுந்த ஓர் இடியோடு எங்கள் கணினி போய்விட்டது. குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தஞ்சாவூரில் ஒரு கடையில் கொடுத்தோம். உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றிவிட்டு, வெளிப்பெட்டியை மட்டும் அப்படியே திருப்பித் தந்தார்கள். கூடவே ஒரு குறுந்தகடு. அதைப் போட்டால்தான் கணினிக்கு உயிர் வருமாம்.

"நீங்களே போட்டுக்கலாங்க. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே போனா முடிஞ்சிடும்" என்றார் கடைக்காரர். குக்கரில் மூன்றாவது விசில் வந்ததா, நான்காவதா என்று அடுப்பை அணைத்த பிறகும் யோசிக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

ஆனால் எப்படியும் போட்டாக வேண்டும். என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது என் செல்போன். அதற்குப் பருப்புச் சோறு ஊட்டுவாள். துண்டு போர்த்தித் தூங்க வைப்பாள். இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். அவருடைய அறையில் ஒருவர், எங்களுடையதைப் போலவே கேமரா வைத்த கணினி வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அறையில் எல்லோரும் முறை போட்டுக்கொள்வார்கள். எங்கள் நேரப்படி மாலை நான்கு மணி இவருடைய முறை. தவறினால் அடுத்த வெள்ளிதான். அப்பாவுக்கு முகம் உண்டு என்பதை மகளுக்குக் காட்டிவிட வேண்டும். எனக்கு வேறு எண்ணமே இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மகளுக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, பூ வைத்துத் தைத்த கவுன் மாட்டி உட்கார வைத்துவிட்டுத் தகட்டை உள்ளே தள்ளினேன். நீலத் திரை வந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஒப்பந்தமும் வந்தது. சரி என்று தட்ட விரலைத் தூக்கினேன்.

"என்னம்மா அது? பத்திரமா?"

பின்னால் மாமா, என் மாமனார், நின்றிருந்தார். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் முதல் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

"ஒண்ணுமில்லைங்க மாமா. ஒப்புக்கிறேன்னு ஒரு பட்டன். எல்லாருமே படிக்காம அமுக்கிடுவாங்க."

"எல்லாரும் கெணத்துல குதிப்பாங்க. நீ படிச்சுச் சொல்லு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார்.

படித்தேன். மறுக்க எனக்குத் தெரியாது. மறுத்தால் சரியாக இருந்திருக்குமா என்றும் தெரியாது.

"இதனால ஏதாவது நட்டம் வந்தா அவங்க பொறுப்பில்லையாம் மாமா."

"வெத நெல்லு விக்கிறவனும் இதேதான் சொல்றான். மேல போ."

"இதை வச்சு அணு உலை நடத்தக் கூடாதாம்."

மாமா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாமளா?"

"பொதுவா எல்லாருக்கும் சொல்றாங்க மாமா."

"நடத்த மாட்டோம்னு சொல்லிடு."

சமையலறையிலிருந்து அத்தை, என் மாமியார், குரல் கொடுத்தார்: "இருக்கிற அடுப்புல பால் பொங்கி ஊத்துது. இதுல அணு உலை ஒண்ணுதான் கொறச்சல்!"

மணி மூன்றை நெருங்கிவிட்டது. மகள் கவுனின் பூக்களைப் பிய்க்க ஆரம்பித்திருந்தாள். அவசரத்தில் அடுத்த வரியை அப்படியே சொல்லிவிட்டேன்: "இது நமக்கு வித்ததில்லையாம் மாமா. உபயோகிக்கிற உரிமை மட்டும்தானாம்."

மாமா எழுந்து நின்றுவிட்டார். இன்றைக்கு அவ்வளவுதான், என் கணவருடைய முறை போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்ப கிரயம் இல்ல?"

"இல்லைங்க மாமா."

"அட, குத்தகை!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? ஒழுங்கா பயிர் வைக்கிற குத்தகைக்காரன எவனும் நெலத்த விட்டு எழுப்ப முடியாது. நம்ம மாவட்டத்துல வந்து யாரு எழுப்புறான்னு பாத்துடுவோம். அமுக்கு!"

"மீறினா ரத்துன்னும் போட்டிருக்கு மாமா."

"நாம எங்க மீறப் போறோம்? அணு உலையா வைக்கப் போறோம்?"

அமுக்கினேன். தகடு சுற்றியது. சதவீதம் ஏறியது. நடுவில் நின்று, உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்டது. என் கணவர் பெயரை அடித்தேன்; வாங்கியது அவர்தானே.

"அங்க இருக்கிறவன் இங்க எப்படி உழுவான்?" என்றார் மாமா. "யாரு பாடுபடுறாங்களோ அவங்க பேர்லதான் குத்தகை பதியணும். உன் பேரப் போடு."

அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன். என் கணவர் ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று மறுபடி அழிக்கப் போனேன். "நாலு ஆகப் போவுது!" என்று அத்தை அதட்டியதும் என் பெயரே நின்றுவிட்டது.

நான்கு அடித்துச் சிறிது நேரத்தில் திரையில் என் கணவர் வந்தார். மெலிந்திருந்தார். மீசையை எடுத்திருந்தார். வாயை அசைத்தார். சத்தம் மட்டும் வரவில்லை. நாங்கள் கத்தியதும் அவருக்குக் கேட்கவில்லை. "பலமாப் பேசுடா!" என்று மாமா துபாய்க்கே கேட்கும்படி கத்திப் பார்த்தார். கடைசியில் என் கணவரே செல்போனில் அழைத்தார்.

மகள் பாய்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா! அப்பா!"

"பாப்பா, அங்க பாரு, டிவியில யாரு?" என்றார் அத்தை.

அவள் திரையைப் பார்த்தாள். கையசைக்கிற அந்த ஆளைப் பார்த்தாள். என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிறகு, விருந்தாளியிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, மெல்ல வெளியே வந்து போனைத் திரைக்கு நேராக நீட்டினாள்.

"அப்பா பாரு" என்று அவரிடமே அறிமுகம் செய்து வைத்தாள்.

அவரும் அந்தப் பக்கத்திலிருந்து போனுக்கு ஒரு சலாம் வைத்தார். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்திருக்கலாமா என்று பிறகு யோசித்தேன்.

ஒலிக்குத் தனித் தகடாம். கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியின் அடியிலேயே கிடந்தது. மறுநாள் அதைப் போட்டேன். இன்னொரு ஒப்பந்தம் வந்தது, முந்தையதைவிட நீளமாக. "சம்பா களையெடுப்பு முடியட்டும். நிதானமா உக்காந்து படிப்போம்" என்கிறார் மாமா. அடுத்த வெள்ளிக்குள் களையெடுப்பு முடியாது.

இதைப் படிக்கிற உங்களில் விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மாமா மனம் நோகாமல் அந்தத் தகட்டை ஓட்ட ஒரு வழி சொல்லுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால், போனில் பேசுகிறவரும் திரையில் கையசைக்கிறவரும் ஒரே ஆள்தான் என்பதை ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்றாவது சொல்லுங்களேன்.