அம்பியின் வலது கை

போன வெள்ளிக்கிழமை என் பெண்ணுக்கு வளைகாப்பு. என் வீட்டு விசேஷத்தில் நானே முதல் பந்தியில், முதல் இலையில் போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் கரமனையில் இது கேள்விப்படாத காரியம். வீட்டுக்காரன் கடைசிப் பந்தியில், மிச்சம் மீதியைச் சாப்பிடுவதுதானே மரியாதை? என் மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அவ்வளவு பசியா என்று கேட்காதீர்கள். எல்லாம் என் மச்சினன் அம்பிக்காகத்தான்.

அம்பி, ராமய்யரின் சமையல் கோஷ்டியில் இருப்பவன். பரிமாறுவதில் கெட்டிக்காரன். கொதிக்கும் பிரதமன் பாயசத்தை வாளியோடு தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவான்... ஒரு சொட்டு சிந்தாது. இந்தக் கார்த்திகையில் அவனுடைய வலது புறங்கையில், பாக்கு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு தோன்றியது. மற்றவர்களுக்கு என்றால் சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்துவிடலாம். பரிமாறுகிறவனின் கை, சாப்பிடுகிற ஒவ்வொருவர் மூக்குக்கும் எதிரே அல்லவா வந்துபோகிறது?

தெருவில் 'வெண்குஷ்டம்' என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ராமய்யர் அவனை விறகு அடுக்கவும் தண்ணீர் இறைக்கவும் அனுப்பிவிட்டார். சித்திரையில் கல்யாணங்கள் தொடங்குவதற்குள் சரியானால் பந்திக்கு வரலாம். இல்லாவிட்டால் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். அம்பிக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் மூன்று குழந்தைகள்.

அவனைப் பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு மலையாள வைத்தியரிடம் அழைத்துப் போனேன். இது குஷ்டமும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது என்றார் அவர். கார்போகரிசி கொடுத்தார் - மலையாளத்தில் கார்கோகிலரி. கறுப்பாக, எள்ளை விடச் சற்றுப் பெரிய விதை. கோமூத்திரத்தில் ஊறவைத்து அரைத்து, திட்டின் மேல் மட்டும் பூசி, காலை இளவெயிலில் அரை நாழிகை காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் கொப்புளம் கிளம்பும். எல்லாருக்கும் குணமாகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். அதனாலேயே எனக்கு அவரிடம் நம்பிக்கை வந்தது.

வெயிலுக்கு எங்கே போவது? எங்கள் கொல்லைகளில் தென்னையும் பலாவும் போட்டி போட்டுக்கொண்டு நிழல் தருகின்றன. காலை வெயில் தாராளமாக விழுவது ஆற்றுப் படித்துறையில்தான். அங்கேதான் ஊரே குளிக்கிறது! இத்தனை பேர் நடுவில் கையை நீட்டிக்கொண்டு உட்கார அம்பி மறுத்துவிட்டான்.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. ஆபீஸில் இருபது வருஷம் டிராப்ட் எழுதிய மூளை! மருந்தின் மேல் கோயில் சந்தனத்தைப் பூசிக்கொள் என்றேன். கையில் சந்தனம் இருந்தால் இந்த ஊரில் யார் ஏன் என்று கேட்கப் போகிறார்கள்? திட்டும் தெரியாது, மருந்து வாடையும் தெரியாது, வெயிலிலும் உட்கார்ந்ததாகும். அம்பி என்னைக் கும்பிடாத குறை.

ஐந்து வாரம் ஆயிற்று. திட்டு அப்படியே இருந்தது.

மறுபடி வைத்தியரிடம் போனோம். அவர் கையை முகர்ந்து பார்த்தார். சந்தனத்தைக் கழுவச் சொன்னார்.

"சாமி, இது வெயில் கொள்ள வேண்டிய மருந்தாக்கும். மேலே சந்தனம் தேச்சு நிழல் கொடுத்தா பின்னே எப்படிப் பிடிக்கும்?"

யார் யோசனை என்று அவர் கேட்கவில்லை. அம்பியும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அம்பி வெறுங்கையோடு படித்துறையில் உட்கார்ந்தான். செய்த பாவத்துக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு அம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்கு நகர்ந்தாள். சிலர் அவனைத் தாண்டிப் போய்க் குளித்தார்கள். அம்பி தலை நிமிரவே மாட்டான். எனக்குக் கோபமாக வந்தது. என்ன பெரிய மனிதர்கள் இவர்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஆபீஸுக்குப் போவேன்.

பங்குனி பிறந்தபோது திட்டுக்குள் இரண்டு மூன்று பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கடுகளவுதான். ஆனாலும் நல்ல சகுனம் என்றார் வைத்தியர்.

அதற்குள் வளைகாப்பு நெருங்கியது. சமையலை ராமய்யரிடமே விட்டேன். அம்பி விறகுப் பக்கம் இருக்கட்டும் என்றார் அவர். நான் தலையை ஆட்டினேன். அதில் ஏதாவது தப்பு இருப்பதாக அப்போது தோன்றவே இல்லை, பாருங்கள்.

மறுநாள் படித்துறையில் அம்பி கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அத்திம்பேர், தினம் என் பக்கத்துல உக்காந்துக்கறேள். உங்காத்துப் பந்திலயும் நான் வேண்டாமாக்கும்?"

குடத்தை நகர்த்திய அம்மாளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

நேரே ராமய்யரிடம் போய், அம்பிதான் பரிமாற வேண்டும் என்றேன். பந்தி எழுந்து போனால் கோஷ்டியின் பேர் போய்விடும் என்று அவர் பயந்தார். முதல் இலையில் நான் உட்காருகிறேன், அப்புறம் யார் எழுந்திருக்கிறார்கள் பார்க்கலாம் என்றேன்.

அப்படித்தான் உட்கார்ந்தேன். அம்பி பருப்போடு வந்தான். கொஞ்சம் பருப்பு இலைக்கு வெளியே விழுந்தது. அவன் சிந்தி அன்றைக்குத்தான் பார்த்தேன். நெய் விழுந்ததும் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். வரிசை முழுவதும் என் வாயையே பார்த்தது. பிறகு ஒவ்வொரு கையாக இலையில் இறங்கியது.

எழுந்து போனவர் ஒருவரே ஒருவர். பக்கத்துத் தெருவில் இருக்கும் ரிடையர்டு ஆபீஸர். வயிறு சரியில்லை என்றார்.

இரண்டாம் பந்திக்கு ராமய்யரே பிரதமன் வாளியைத் தூக்கி அம்பி கையில் கொடுத்தார். சித்திரைக் கல்யாணங்களுக்கு அவன் பந்தியில்தான்.

அந்த ஆபீஸர் நேற்று ஆபீஸ் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். ஓரமாக அழைத்துப் போய், அம்பி பூசுகிற மருந்தின் பெயரைக் கேட்டார். அவருக்கும் திட்டு இருக்கிறதாம், நாலு வருஷமாக. எங்கே என்று கேட்டேன்.

தொடையில்! படித்துறையில் எப்படி வெயில் காட்டப் போகிறார் என்பதுதான் இப்போது என் கவலை.