கப்பலேறிப் போன பாஸ்வேர்டு

போன வாரம் என் சகலை பொன்ராசுவை நடுரோட்டில் பார்த்தேன்.

துறைமுக பைபாஸ். உச்சி வெயில். பைக்கை ஓரம் கட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தான். கையில் நாற்பது பக்க நோட்டு. போகிற வருகிற டிரெய்லரின் முதுகைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

வண்டியை நிறுத்தினேன்.

"என்னலே, செக்போஸ்ட்ல வேலை கெடச்சிட்டா?"

"கன்டெய்னர் நம்பர் எழுதுதேன் அண்ணே."

"எதுக்கு?"

"அதுல ஒண்ணு என் பாஸ்வேர்டு."

வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அது ஐந்து வருஷத்துக்கு முன்பே ஏறியிருக்கிறது.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் டிரெய்லர் ஓட்டுகிறவன். பொன்ராசுவும் அதே தொழில்தான். என் மனைவியின் தங்கை செல்லக்கனியின் வீட்டுக்காரன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அதனால் புத்திசாலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து வருஷத்துக்கு முன் கல்ஃபில் இருக்கும் அவன் சிநேகிதன் ஒருவன் போனில் சொல்லியிருக்கிறான் – கிரிப்டோ வாங்கு, அஞ்சே வருஷத்தில் நீயே நாலு டிரெய்லர் வாங்குவாய் என்று. இவன் என்ன செய்தான்? செல்லக்கனியின் ஆறு பவுன் செயினை விற்றான். அவளிடம், "வீட்டுல இருந்தா பயம், பேங்க் லாக்கர்ல வச்சிட்டேன்" என்றான். அவளும் நம்பினாள்.

வாங்கிய காசு எங்கே இருக்கிறது? போனில் ஒரு வாலட்டுக்குள். தொட முடியாது, கடிக்க முடியாது, கழுத்தில் போட முடியாது. விலை ஏறுவதை மட்டும் பார்க்கலாம். தினமும் பார்த்தான்.

பெருவிரலை வைத்தால் வாலட் திறந்துகொண்டிருந்தது. போன மாதம் போன் அப்டேட் ஆனது. விரல் போதாது, பாஸ்வேர்டு போடு என்றது. இவனுக்கு ஞாபகமில்லை.

அதே மாதம்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செயினை அழித்து மகளுக்குப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று செல்லக்கனி சொல்லிவிட்டாள்.

சரி... கன்டெய்னர் எங்கே வந்தது?

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு நம்பர் உண்டு. நாலு இங்கிலீஷ் எழுத்து, ஏழு எண். உலகத்தில் இரண்டு பெட்டிக்கு ஒரே நம்பர் இருக்காது. துறைமுக கேட்டில் கேட்பார்கள் என்பதால் டிரைவர்கள் அதை மனப்பாடமாக வைத்திருப்போம். பெட்டியை இறக்கியதும் மறந்துவிடுவோம். அடுத்த பெட்டி வந்துவிடும் அல்லவா?

கிரிப்டோ வாங்கிய அன்றைக்கு பொன்ராசு துறைமுக கேட் வரிசையில் வண்டியோடு நின்றபடிதான் வாலட்டைத் திறந்திருக்கிறான். பாஸ்வேர்டு வேண்டும், எழுத்தும் வேண்டும், எண்ணும் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அந்த நேரத்தில் நாக்கில் இருந்தது என்ன? ஏற்றி வந்த பெட்டியின் நம்பர். அதையே போட்டுவிட்டான்.

"ஸ்ட்ராங்னு பச்சையா காட்டிச்சு அண்ணே."

காட்டாதா பின்னே? சாவியைப் பெட்டியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதி, கப்பலேற்றி அனுப்பியிருக்கிறான். கொழும்பில் பார்த்திருப்பார்கள், சிங்கப்பூரில் பார்த்திருப்பார்கள். இவனுக்கு மட்டும் தெரியாது.

"அந்தப் பெட்டி திரும்ப இங்கன வந்தாலும் வரும்லா? பாத்தா ஞாபகம் வந்துரும்."

"வரும்லே. மாலை போட்டு வரவேற்போம்."

அவன் சிரிக்கவில்லை. "டெலிகிராம்ல ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். வாலட் ரெக்கவரி பண்ணுதவரு."

"எவ்வளவு புடுங்குனான்?"

"ஒத்தப் பைசா கேக்கல அண்ணே. நல்ல மனுசன்."

காசு கேட்காத ஸ்பெஷலிஸ்ட். நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். "தேதி தெரியுமாலே?"

தெரியும் என்றான். செயின் விற்ற அன்றைக்கேதான். நகைக்கடை ரசீதை வண்டிக்குள், இன்சூரன்ஸ் பேப்பர் கவரில் ஒளித்து வைத்திருக்கிறான். செல்லக்கனி வண்டிக்குள் ஏறமாட்டாள் என்ற தைரியம்.

"தேதி இருக்கு. பெட்டி நம்பர் போட்ட கேட் சீட்டு ஆபீஸ்ல இருக்கும். நீ ரோட்டுல நிக்கே."

எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் ஸ்டெல்லா என்ற பெண் வேலை பார்க்கிறது. பழைய சீட்டுகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தார்கள். உப்புக் காற்றில் குண்டூசி எல்லாம் துருப்பிடித்து, பேப்பரோடு ஒட்டிக் கிடந்தது. மூன்று சாக்கு இறக்கினோம். ஸ்டெல்லா மூக்கில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தேடியது.

"அண்ணாச்சி, இந்தத் தூசிக்கு டீ மட்டும் பத்தாது. வடையும் வேணும்."

"நாலு வடை வாங்கித் தாரேன்மா. கெடைச்சா பிரியாணி," என்றான் பொன்ராசு.

கிடைத்தது. அன்றைக்கு அவன் அடித்தது மூன்று டிரிப். ஒன்று உப்பு, ஒன்று காலிப் பெட்டி, ஒன்று இறால் ஏற்றிய குளிர்ப்பெட்டி.

உப்புப் பெட்டியின் நம்பரைப் போட்டான். தப்பு என்றது. காலிப் பெட்டி. தப்பு.

மிச்சம் குளிர்ப்பெட்டிதான். போனை என்னிடம் நீட்டினான். ஒவ்வொரு எழுத்தாக ஸ்டெல்லா வாசித்தது, நான் அழுத்தினேன்.

திறந்தது.

"ஏ மாதாவே!" என்றது ஸ்டெல்லா. பொன்ராசு என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜ்யம்.

"நெட் ஸ்லோவா இருக்கும் அண்ணே," என்றான்.

ஸ்டெல்லா போனை வாங்கி எங்கெங்கோ அழுத்திப் பார்த்தது. முகம் மாறியது. "எட்டு நாளைக்கு முன்னாடி எல்லாம் வெளிய போயிருக்கு அண்ணாச்சி. ஆரம்பத்துல பன்னெண்டு வார்த்தை எழுதி வைக்கச் சொல்லியிருக்கும். அதை யார்ட்டயாவது காட்டுனீங்களா?"

தேதி பார்க்க எடுத்து வந்து மேஜை மேல் போட்டிருந்த நகைக்கடை ரசீதைப் பொன்ராசு திருப்பினான். பின்பக்கம் அவன் கையெழுத்தில் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஏணி என்று ஒன்று, ஆரஞ்சு என்று ஒன்று.

"இதையா? ஏதோ சும்மா எழுதச் சொல்லுதுன்னுல்லா நெனச்சேன். அந்த ஸ்பெஷலிஸ்ட் கேட்டாரு... போட்டோ புடிச்சு அனுப்புனேன்."

"இதுதான் அண்ணாச்சி சாவி. இது இருந்தா பாஸ்வேர்டே வேண்டாம். நீங்களே வேற போன்ல திறந்திருக்கலாம்."

 பரணிலிருந்து தூசி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆக, ஐந்து வருஷமாகச் சாவி அவன் வண்டிக்குள்ளேயே கவரில் இருந்திருக்கிறது. அதை எவனுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, கடலுக்குப் போன பெட்டியை ரோட்டில் நின்று தேடியிருக்கிறான். கூடச் சேர்ந்து மூன்று சாக்கைக் கிளறிய நான் மட்டும் என்ன அறிவாளி?

ஸ்பெஷலிஸ்டுக்கு மெசேஜ் அனுப்பினான். அந்தக் கணக்கே இல்லை. நல்ல மனுசன் போய்விட்டார்.

சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். எழுதிக்கொண்டு ஒரு நம்பர் தந்தார்கள். எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருந்தது.

"இதையாவது மறக்காதலே," என்றேன்.

வெளியே வந்ததும் சொன்னான். "அண்ணே, லாக்கர் சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருவோமா?"

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற ஆள் என்று விட்டுவிட்டேன். "இன்னைக்கு நீ சொல்லுத. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

செல்லக்கனி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க அத்தான். பேங்குக்குப் போய்ட்டு வாரீயளா? செயினை எடுத்தாச்சா?" என்றாள்.

பொன்ராசு வாசலிலேயே நின்றான். "ஏளா..." என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். விற்றது, வாங்கியது, கன்டெய்னர், ஸ்பெஷலிஸ்ட். ரசீதையும் நீட்டினான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முன்பக்கம் தன் செயினின் எடை. பின்பக்கம் அந்த வார்த்தைகள். இரண்டையும் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அஞ்சு வருசமா லாக்கர் சாவி பத்திரமா, பத்திரமான்னு கேட்டுட்டே இருந்தேன். அப்பவாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அவ்வளவுதான். ரசீதை அவன் சட்டைப் பையில் திருப்பிச் செருகிவிட்டு, மீனிடம் போய்விட்டாள்.

பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவன், முகம் தெரியாதவனுக்குப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறான்.