நொச்சி ஆறு, ஆடாதொடை ஆறு

சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கடையில் வாங்கிய மார்க்கர் அது. குற்றம் மார்க்கர் மேல் இல்லை, தெரியும். ஆனாலும் இன்றைக்கும் அந்த நீலத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லூரி விடுமுறையில், சென்னீர்குப்பம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். என்னை மேய்க்கும் பொறுப்பு ஆராய்ச்சி மாணவியான ஓர் அக்காவின் தலையில் விழுந்தது. அவர் ஆறு வாரமாக ஒரு கிருமியைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்த்துக்கொண்டிருந்தார். ஆறில் நொச்சிச் சாறு, ஆறில் ஆடாதொடைச் சாறு. எது கிருமியை அடக்குகிறது என்பதுதான் கேள்வி. திங்கட்கிழமை பேராசிரியர்கள் குழு உட்காரப் போகிறது. ஏற்கெனவே ஒருமுறை அவருக்குக் கெடுவை நீட்டிவிட்டார்கள். இந்த முறையும் முடிவு காட்டாவிட்டால் ஐந்து வருட உழைப்பு அத்தோடு சரி. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை மாலை அக்கா குடுவைகளிலிருந்து சிறிய குழாய்களுக்கு மாற்ற மாற்ற, நான் ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதினேன். ஆய்வகத்து மார்க்கர் மேசையில் அகப்படவில்லை. தேடச் சோம்பல்பட்டு என் பையில் இருந்ததை எடுத்தேன். "கையெழுத்து மணி மணியா இருக்கே" என்று அக்கா வேறு பாராட்டினார். குடுவைகளை அன்றைக்கே கழுவிக் கவிழ்த்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அக்கா பேராசிரியர் அறைக்குப் போகும்போது, "குழாய எல்லாம் ஸ்பிரிட்ல தொடச்சு ஹூட்டுக்குள்ள வச்சிரு, வந்துடறேன்" என்றார். ஹூட் என்பது வடிகட்டிய காற்று ஓடும் கண்ணாடிப் பெட்டி. ஸ்பிரிட் போட்டுத் துடைக்காத எதுவும் அதற்குள் போகக் கூடாது, அங்கே அது சட்டம். நானும் சட்டப்படி நனைந்த டிஷ்யூவால் ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்து, ரேக்கில் இரண்டு வரிசையாகச் செருகினேன். கடைசிக் குழாயை வைத்ததும் அம்மாவின் போன்.

"ஏன்டி, டிபன் பாக்ஸ வச்சுட்டுப் போயிட்டியே, மதியம் என்னத்த தின்பே?"

பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் குழாய்கள் பளிங்கு மாதிரி இருக்கின்றன. ஓர் எழுத்து இல்லை. டிஷ்யூ முழுக்க நீலம். என் மார்க்கர் ஸ்பிரிட்டுக்குத் தாங்கவில்லை. போச்சுடா என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு சாறும் ஒரே பச்சை. எந்த வரிசை எது? நொச்சியை என் பக்கத்து வரிசையில்தான் வைத்தேன். ஆனால் அந்த ரேக்குக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. போனில் பேசும்போது கைக்குச் சிக்கியதைத் திருப்பித் திருப்பி வைப்பது என் பீடைப் பழக்கம். அன்றைக்குத் திருப்பினேனா?

அக்காவின் மேசை இழுப்பறையைக் குடைந்தேன். நல்ல மார்க்கர் அங்கேதான் கிடந்தது, சனியன். என் பக்கத்து வரிசைக்கு நொச்சி என்றும் அடுத்ததற்கு ஆடாதொடை என்றும் எழுதினேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

அக்கா வந்தார், பெயர்களைப் பார்த்தார், வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு குழாயிலும் நீலச் சாயம் சொட்டினார். கிருமி உயிரோடு இருந்தால் சாயம் இளஞ்சிவப்பாக மாறும், அடங்கிக் கிடந்தால் நீலமாகவே நிற்கும். நாலு மணி நேரம் கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்த நாலு மணி நேரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். ஆய்வக உதவியாளர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது?" என்றார். தேள் கொட்டிய திருடி மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். மதியம் அக்கா தன் தக்காளி சாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"திங்கக்கிழம முடிஞ்சதும் எங்கம்மாவுக்கு போன் போட்டு, முடிச்சிட்டேன்மானு சொல்லணும். இந்த ஒத்த வார்த்தைக்கு அவங்க அஞ்சு வருஷமா காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் அக்கா.

திறந்த வாயில் சாதத்தைப் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தார். நொச்சி என்று நான் எழுதிய ஆறும் நீலம். ஆடாதொடை ஆறும் இளஞ்சிவப்பு. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு அங்கேயே நின்று அழுதார். நோட்டில் முடிவை எழுதினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபிரிட்ஜுல கீழ்த்தட்டுல ஒரு ரேக் இருக்கும், அத அண்ணன்கிட்ட குடுத்துரு. இனிமே வேணாம். இடம் இடம்னு எல்லாரும் உயிர வாங்கறாங்க" என்றார்.

எடுத்துப் போய்க் கொடுத்தேன். அண்ணன் அதை ஆட்டோகிளேவில் இறக்கி மூடியை முறுக்கினார். கிருமிகளை நீராவியில் கொல்கிற பெரிய குக்கர்தான் அது. நான் திரும்பி வந்து கண்ணாடிச் சாமான்களைக் கழுவ உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, முடிவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தி, "கட்டுரையில உன் பேரையும் போடப் போறேன்டி" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டிஷ்யூ, போன், ரேக், மார்க்கர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் கத்தவில்லை. "எத்தன மணிக்கு?" என்றார்.

"ஒம்பதரைக்கு, அக்கா."

"சரி. மாத்தறதுக்கு முன்னாடியே எல்லாத்துலயும் ஒரு பங்கு எடுத்து, என் கையால எழுதி வச்சிருக்கேன். அத வச்சு இப்பவே திரும்பப் போடலாம். அந்தக் கீழ்த்தட்டு ரேக்க எடு."

என் முகத்தைப் பார்த்தார். அதைக் கொடுத்துவிடச் சொன்னதே தான்தான் என்பது அவருக்கு உறைத்தது. அடுத்த நொடி எழுந்து ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். ஆட்டோகிளேவ் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நிறுத்துங்க!"

"இன்னாம்மா, சூடு ஏறி எவ்ளோ நேரமாச்சு. இப்ப தொறந்தா மூஞ்சியே வெந்துடும்" என்றார் அண்ணன். திறந்தாலும் பயனில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மூவரும் அழுத்தம் காட்டும் முள் இறங்கும்வரை அதன் முன்னாலேயே நின்றோம். காலையிலேயே சொல்லியிருந்தால், ஏன், மூன்று மணிக்குச் சொல்லியிருந்தால்கூட அந்த ரேக் இருந்திருக்கும். வெட்கத்தில் செத்தேன்.

மூடி திறந்ததும் அக்கா குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் படித்தார். நொச்சி ஆறு, ஆடாதொடை ஆறு. அவர் எழுத்தில் ஒரு புள்ளிகூட அழியவில்லை.

பிறகு மேசைக்குப் போய் நோட்டைத் திறந்தார். பிற்பகல் முடிவின் குறுக்கே கோடு போட்டார். கீழே, "குழாய்களின் பெயர் அழிந்துவிட்டது, முடிவு செல்லாது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை குழுவின் முன் அந்தப் பக்கத்தைத்தான் கொண்டுபோனார். யார் அழித்தது என்று அதில் எழுதவில்லை.