காத்து கருப்பு பார்க்கிறவள்

கிருஷ்ணகுமாரிக்கு வினையாக வந்தது ஒரே ஒரு கேள்விதான். இலங்கையில் தெரணியகலைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களைத் திருத்திக்கொடுக்க வந்த ஒரு நிறுவனம், பூஞ்சணம் பிடித்த சுவர்களைச் சோதிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தது. கொழும்பில் பயிற்சி கொடுத்து, ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்றையும் சுவரில் படிந்ததை ஒட்டி எடுக்கப் பை நிறைய செலோடேப்பையும் தந்து அனுப்பினார்கள். அறைக்குள் காற்று வருகிறதா, சுவரில் கறுப்பாக ஏதும் படிந்திருக்கிறதா, முதலில் இந்த இரண்டையும் கேள் என்றார்கள். இந்த மகராசியும் வாசல் வாசலாகப் போய் நின்று, "அக்கா, ஒங்க காம்பராவுல காத்து, கருப்பு எப்பிடி?" என்று கேட்டு வைத்தாள்.

கேட்டால் சும்மா விடுவார்களா? "இருக்கு மிஸ்! வெள்ளிக்கெழம ஆனா கூரைமேல நடக்குது" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுல இல்ல, அந்தக் கடைசிக் காம்பராவுல போய்க் கேளுங்க" என்று கையை நீட்டினாள் இன்னொருத்தி. "ஐயோ அக்கா, பேய் இல்ல, புஸ், புஸ்!" என்று பூஞ்சணத்தைச் சிங்களத்தில் சொல்லி விளங்க வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வற்றிவிடும். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. காத்து கருப்பு பாக்குற மிஸ்! எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து மந்திரித்துத் தரச் சொன்னவர்களும் உண்டு. அவளும் சளைக்காமல், "பேயும் இல்ல, பிசாசும் இல்ல, வெறும் பூசணம்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷ மழையில்தான் பள்ளத்து லயத்து ஷாமிளா அவளைத் தேடி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில போட்டு எடுத்துட்டோம் மிஸ். இன்னொருக்கா இழுத்தா தாங்காதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. இவங்க அப்பா கொழும்புக் கடையில நிக்கிறாரு. மாமாகிட்ட சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க வந்து அந்தச் சுவத்த ஒருக்கா பாருங்க."

மாமா என்றது காத்தமுத்துவை, ஷாமிளாவின் மாமனார். றப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த மனுஷர். மனைவி வெள்ளையம்மா செத்து இரண்டு வருஷமாகிறது.

காம்பராவுக்குள் கால் வைத்ததுமே கிருஷ்ணகுமாரி ஓரடி பின்வாங்கினாள். உள்சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உருண்டைத் தலை, சரிந்த தோள், அதற்குக் கீழே அகன்ற முதுகு. எல்லாம் கறுப்பு. நெற்றியில் குங்குமம் வைத்திருந்தது. சுவரெல்லாம் மஞ்சள் தண்ணீர் வழிந்த கோடுகள். அதற்கு நேர் கீழே குழந்தையின் சீலைத் தொட்டில்.

"வா தாயி" என்றார் காத்தமுத்து. "போன மழைக்கு வந்தா. வந்தவள வெறும் நெத்தியோட இருக்க விடலாமா? காலையில குளிச்சிட்டு மஞ்சத்தண்ணி தெளிக்கிறேன். புள்ளைய அவ பாத்துக்குவா."

அடப்பாவி மனுஷா! ஈரம் பட்டால் கொழுக்கிற சனியனுக்கு நாள் தவறாமல் நீராட்டு நடத்தியிருக்கிறார்.

மீட்டரின் இரண்டு முள்ளையும் சுவரில் குத்தினாள். சுவர் முழுக்க ஊறிப்போயிருந்தது. டேப்பைக் கிழித்து அந்த நெற்றிக்கு மேலே ஒட்டி அழுத்தினாள். விரலுக்கு அடியில் சுவர் மெத்தென்று அமுங்கியது. யாரோ கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டுவது போல இருந்தது. பயந்துபோய் வெடுக்கென்று பிடுங்கினாள். டேப்பில் கறுப்புத் தூளோடு ஒரு நீள நரைமுடியும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பெரியப்பா, இது வெறும் பூசணம்" என்றாள்.

"பூசணத்துக்கு மயிர் மொளைக்குமா?" காத்தமுத்து கோபப்படவில்லை. "செவுரு பூரா ஈரம்னு நீதான சொல்ற? அப்ப ஏன் அவ சாஞ்சிருந்த எடத்துல மட்டும் கருப்பு ஏறுது?"

கிருஷ்ணகுமாரி சுவரை மோந்து பார்த்தாள். ஈர வாடைக்குள்ளே சிக்குப்பிடித்த தேங்காயெண்ணெய் வாடை.

"பெரியம்மா இங்கனதான் சாஞ்சிருப்பாங்களா?"

"கெடைசி வருசம் பூரா. இளைப்பு, படுக்க முடியாது. ராவும் பகலும் ஒக்காந்தேதான் மூச்சு வாங்குவா."

கிருஷ்ணகுமாரி உள்ளதை உள்ளபடி சொன்னாள். தலையில் வைத்த எண்ணெயும் முதுகு வேர்வையும் சுண்ணாம்புக்குள் ஊறிப்போயிருக்கிறது. பூஞ்சணம் அதைத்தான் தின்று வளர்கிறது. அந்தத் தூள் காற்றில் பறந்து தொட்டிலில் விழுகிறது, குழந்தை அதை இழுக்கிறது.

காத்தமுத்து சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஷாமிளாவின் இடுப்பில் இருந்த குழந்தை இழுத்தது. உள்ளே விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் முகம் செத்துவிட்டது.

"அதே சத்தம்" என்றார். "கெடைசியா அவ இப்பிடித்தான் இழுத்தா. அவளோடது இப்ப இதுக்குள்ள போயிருச்சா தாயி?"

"போய்க்கிட்டு இருக்கு பெரியப்பா. சுவத்தக் கொத்தி எடுக்கணும். நாளைக்கு ஆளுங்கள அனுப்புறேன்."

"வேற ஆம்பள அவ மேல கை வைக்கிறதா? வேணாம். நானே செய்றேன்."

குழந்தையோடு ஷாமிளா பக்கத்து லயத்துக்குப் போனாள். கிருஷ்ணகுமாரி சொன்னபடியே அவர் வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டார். தூள் பறக்காதிருக்க, கடைசித் தடவையாகச் சுவரை நனைத்தார். பிறகு கொத்துக்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"போதும்டி வெள்ளையம்மா" என்றார். "ஒன்னய நாந்தான் புடிச்சு வச்சிருந்தேன், ஒம்மேல தப்பில்ல. புள்ளைக்கு மூச்சு முட்டுது. போயிரு."

முதல் வெட்டு தோளில் விழுந்தது. காரை பொத்தென்று உதிர்ந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும், "போடி, போயிரு" என்றார். தலை வந்தபோது கை ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். வாசலில் நின்ற கிருஷ்ணகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருங்கல் தெரியும்வரை கொத்தி, அத்தனை காரையையும் வெள்ளையம்மாவின் பழைய சேலை ஒன்றில் கட்டித் தூக்கிக்கொண்டு, றப்பர் மலையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார். சுவர் காய்ந்தபின் நிறுவனம் புதுச் சாந்து பூசி, பெரிய ஜன்னலும் வைத்துக் கொடுத்தது.

மழை விட்டு வெயில் காலமும் வந்தது. மறுபடி சுவரைச் சோதிக்கப் போனாள் கிருஷ்ணகுமாரி. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. மீட்டரில் ஈரமே இல்லை. குழந்தை கன்னம் உப்பி, இழுப்பு கிழுப்பு எதுவுமில்லாமல் தொட்டிலில் தூங்கியது. ஷாமிளா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனாள்.

காத்தமுத்து மட்டும் இளைத்துப்போயிருந்தார். சுவருக்கு எதிரே பலகையில் உட்கார்ந்திருந்தவர், மருமகள் நகர்ந்ததும் மெல்லக் கேட்டார்.

"நீ காத்து கருப்பு பாக்குறவ. மறைக்காம சொல்லு தாயி. அந்தச் செவுத்துல அவ இருந்தாளா, இல்லியா?"

பெண்டாட்டி என்று நினைத்துப் பூசணத்துக்குப் பொட்டு வைத்தோமே என்று மனுஷன் நொந்து சாகிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். மனசு இளகிவிட்டது. ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்தாங்க பெரியப்பா. பெரியம்மாதான் இருந்தாங்க."

காத்தமுத்து தலையை ஆட்டினார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அப்ப நாந்தான் அவள வெட்டித் தொரத்திட்டேன்" என்றார்.